உள்ள ஆளு கீறாளா

சித்தூரிலும் திருப்பதியிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். அன்று மைக் மக்கர் பண்ணியது, சாப்பாட்டு வாசனையும் வந்துவிட்டது, நான் பாதியிலேயே இறங்கிவிட்டேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்ததும் அந்த ஒரு சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். அனுபவம் என்றால் வேலை செய்து செய்து சேர்வது. காபி கசக்கிறதே, ஊசி குத்தினால் சுருக்கென்கிறதே, அதற்கும் அனுபவம் என்றுதான் பெயர். முதலாவது எனக்கு நிறைய இருக்கிறது, சலிக்கும் அளவுக்குச் சொல்வேன். இரண்டாவது உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அது எதனால் ஆனது என்று எனக்கு இதுவரை ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இந்த இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அன்றைக்கு நான் ஜெயித்தேன். எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது, ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

நான் மயக்க மருந்து டாக்டர். பிறகுதான் தீவிர சிகிச்சைக்கு வந்தேன். ஆட்களைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும்தான் என் பிழைப்பு. ஒருமுறை ஏர்பேட்டிலிருந்து ஒரு பால்காரர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். பயந்துபோயிருந்தார், பேச்சுக் கொடுத்தேன். "எங்க வூட்ல ஒரு மாடு கீது மேடம், அது இன்னா பண்ணும்னா" என்று ஆரம்பித்தார். மருந்து ஏறியது, போய்விட்டார். எல்லாம் முடிந்து கண் திறந்ததும், "என்னத் தவிர யாரு கிட்ட போனாலும் ஒதைக்கும்" என்று வாக்கியத்தை முடித்தார். நடுவில் அவரைக் கிழித்துத் தைத்திருக்கிறோம். அவரைப் பொறுத்தவரை அந்த நேரம் நடக்கவே இல்லை. எவ்வளவு மருந்துக்கு ஆள் போவார், எப்போது திரும்புவார் என்று எனக்குத் தெரியும். போனது எது, அந்நேரம் அது எங்கே இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் கையைத்தான் விரிப்பேன்.

இந்த விஷயத்தில் எனக்கும் எங்கள் நரம்பியல் டாக்டருக்கும் ஓயாத சண்டை. சுதாகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர், கெட்டிக்காரர், அது அவருக்கும் தெரியும். தமிழ் ஒரு சொல் வராது. அவர் தெலுங்கில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். ரவுண்ட்ஸ் முடிந்ததும் டீ வரும், டீ வந்ததும் சண்டை வரும்.

"மேடம், மனசுன்னு தனியா ஒரு பொருள் கிடையாது. மூளை செய்யற வேலைக்குப் பேர்தான் மனசு" என்பார். "நீங்க நகரி. உங்க ஊர்ல பவர்லூம் ஓடுது, கரண்ட் போனா நிக்குது. நின்னதும், அடடா ஓட்டம் எங்க போச்சுன்னு யாராவது தேடறாங்களா?"

"தறி ஓடறது வெளியில நிக்கறவங்களுக்குத் தெரியும். ஓடறது எப்படி இருக்குன்னு தறிக்குத் தெரியுமா? இந்த டீ சுடறது எனக்குத் தெரியுதே."

"அதுவும் நரம்புல ஓடற கரண்ட்தான்."

"ஓடட்டும். ஓடறதோட நிறுத்திக்கலாமே, அது எதுக்குச் சுடணும்? சூடே தெரியாம கை தானா விலகற மாதிரி ஒரு ஏற்பாடு இருந்தா போதாதா?"

"பொறுங்க மேடம், அதுக்கும் பதில் வரும்."

"வந்ததும் சொல்லுங்க, டீ வாங்கித் தரேன்."

இப்படியே வருஷங்கள் போயின. உண்மையைச் சொன்னால் அவர் கட்சிக்கு நானே பெரிய சாட்சி. கண்ணாடிக் குப்பியிலிருக்கும் மருந்தைக் கொஞ்சம் உள்ளே விட்டால் ஒரு மனிதனின் உலகமே அணைகிறது, மருந்து கரைந்தால் திரும்பி வருகிறது. இதைத் தினமும் செய்துவிட்டு, உடம்புக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? சம்பந்தம் இருக்கிறது. அது என்ன சம்பந்தம் என்பதில்தான் சண்டை.

கஸ்தூரி அப்போதுதான் வந்தாள்.

நகரியில் பவர்லூம் கொட்டகையில் வேலை, நாற்பதை ஒட்டிய வயது. காலையில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. புத்தூர் வழியாக ஆம்புலன்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூளையின் அடித்தண்டுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. உயிரைப் பிடித்து நிறுத்தினோம். தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டர் மூச்சு விட்டது, மூக்கில் செருகிய குழாய் வழியாகச் சாப்பாடு போனது. தூக்க மருந்தை நிறுத்தி நாளாகியும் கை அசையவில்லை, கால் அசையவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அழுத்திக் கிள்ளினாலும் ஒன்றுமில்லை. கண் மட்டும் திறந்தபடி இருக்கும்.

எங்கள் லலிதா சிஸ்டர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குனிந்து, "கஸ்தூரி, குடி வைப்பு சூடு, எடம வைப்பு சூடு" என்பார். வலது பக்கம் பார், இடது பக்கம் பார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் முதல் வாரம் இந்தச் சூட்டைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள், தெலுங்கில் சூடு என்றால் பார் என்றுதான் அர்த்தம். கஸ்தூரிக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும், எங்கள் ஊரில் தெரியாதவர் யார். ஆனாலும் கண் வலத்துக்கும் போகவில்லை, இடத்துக்கும் போகவில்லை. பதில் இல்லை என்று எழுதப்பட்டது.

மூளை அலைப் படம் எடுத்தோம். விழித்திருப்பவருக்கு வருகிற மாதிரியே அலை வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுதாகர் தலையை ஆட்டிவிட்டார். "ஏமாறாதீங்க. அடித்தண்டு அடிபட்டவங்கள்ல சிலருக்கு ஆழ்ந்த மயக்கத்துலயும் இதே அலைதான் வரும்" என்றார். அவர் சொன்னது சரி. ஆள் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும் என்றால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அப்ப உங்க கரண்ட் ஒரே மாதிரி ஓடும்போது உள்ள ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு ஆகுதே" என்று ஆரம்பித்தேன்.

"அலை முழுக் கதை இல்ல மேடம். இன்னும் நல்ல கருவி வந்தா வித்தியாசம் தெரியும். இங்க கரண்ட் போயிடுச்சு, தறி நின்னுடுச்சு, அவ்வளவுதான்."

இந்தச் சண்டையை அவள் கட்டிலுக்கு மேலேயே போட்டோம். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் கஸ்தூரி.

அவள் வீட்டுக்காரர் முனிரத்னம். மினி லாரி வைத்துக்கொண்டு பலமனேரிலிருந்து காய்கறி ஏற்றி வருகிறவர். வெளி வராந்தாவிலேயே குடியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் என்னைத் தேடி வந்தார்.

"மேடம், நேத்துலேர்ந்து அவளுக்குக் கண்ணு மேல சொருவிக்கினு போவுது. பாக்க வந்த பெரியவங்கல்லாம் உசுரு கிளம்புதுன்னு சொல்றாங்க. அப்டின்னா வூட்டுக்கு இட்டுக்கினு போயிட்றோம். பொறந்த எடத்துல போவட்டும்."

வீட்டுக்கு இட்டுக்கொண்டு போவது என்றால் என்ன என்று இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வாசலில் கருவியைக் கழற்றுவோம், கைப்பம்பை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸ் போகும், வீட்டில் அதையும் நிறுத்துவார்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றார். "உள்ள ஆளு கீறாளா, இல்லியா? கீறான்னா நான் எத்தினி மாசம் வேணாலும் இங்கியே படுத்துக்கினு இருப்பேன். இல்லன்னா அவள எதுக்கு இப்டி கட்டிப் போட்டு வெக்கணும்?"

இத்தனை காலம் டீயோடு சண்டை போட்ட கேள்வியை அந்த மனிதர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். நான் சுதாகரைக் கூப்பிட்டேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, நிதானமாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த சோதனைகளின்படி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். முனிரத்னம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் காலை ஆம்புலன்ஸ் என்று முடிவாயிற்று.

காலையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கஸ்தூரியின் கண் மேலே போயிற்று. போய், கூரையில் நின்று, இரண்டு முறை இமை தட்டி, கீழே வந்தது. என் கால் தானாக அவளிடம் நடந்தது. போய் நின்ற பிறகுதான் ஏன் வந்தேன் என்று யோசித்தேன்.

இதை விளக்க வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது பவர்லூம் கொட்டகையை ஒட்டிய வீட்டில். தறிகள் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை, சத்தமில்லாமல் வாயசைப்பார்கள், மற்றதெல்லாம் கண்தான். இரண்டு கையும் நூலில் மாட்டியிருக்கும்போது பக்கத்துத் தறிக்காரியைக் கூப்பிட வேண்டுமென்றால் கூரையைப் பார்த்து இரண்டு முறை இமை தட்டுவார்கள். கை மாட்டிக்கொண்டது, இங்கே வா என்று அர்த்தம். சரி என்று சொல்லக் கண்ணை இறுக்கி மூடித் திறப்பார்கள். எங்கள் தெருவில் இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். முனிரத்னத்துக்குத் தெரியாது, அவர் வேறு ஊர், லாரிக்காரர். அவர் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண் மேலே போனால் சாவுதான் ஞாபகம் வரும்.

சுதாகர் அதற்குள் வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டு, "அது கண் துள்ளல் மேடம். அடித்தண்டு அடிபட்டா கண் தானாவே மேலயும் கீழயும் போகும்" என்றார். அதுவும் சரிதான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாசலில் ஸ்ட்ரெச்சர் நிற்கிறது, முனிரத்னம் அவளுக்கு உடுத்த ஒரு புடவையோடு உட்கார்ந்திருக்கிறார். நான் ஆசைப்படுகிறேன், அதனால் எனக்கு அப்படித் தெரிகிறது என்று ஒரு பக்கம் மனது சொன்னது. இன்னொரு பக்கம் என் கால் பொய் சொல்லாது என்று தோன்றியது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம்புவதா வேண்டாமா என்று அங்கே நின்று தர்க்கம் பண்ணாதீர்கள். திரும்ப ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நான் அவள் முகத்துக்கு நேரே நின்று, சத்தமே இல்லாமல், கொட்டகையில் பேசுகிற மாதிரி வாயை மட்டும் அசைத்தேன். "கை மாட்டிக்கிச்சா?"

கஸ்தூரி கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

வென்டிலேட்டர் சத்தத்தைத் தவிர அந்த அறையில் ஒரு சத்தமும் எழவில்லை, ஆனால் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் நடந்து முடிந்துவிட்டன. சுதாகர் என் வாயையும் அவள் கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அவருக்குள்ளிருந்த விஞ்ஞானி எழுந்துகொண்டார். அதற்காகத்தான் அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

"நிறுத்துங்க மேடம். ஒரு தடவை தற்செயலாவும் வரும். பதில் உங்களுக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. அப்படிக் கேள்வி கேளுங்க. பாதிக் கேள்விய தலைகீழா கேளுங்க."

ஆமாம் என்றால் இறுக்கி மூடு, இல்லை என்றால் மேலே பார் என்று அவளிடம் சொன்னேன். உன் வீட்டுக்காரர் பாகற்காய் சாப்பிடுவாரா? மேலே பார்த்தாள். குறட்டை விடுவாரா? மூடினாள். லாரிக்கு நீல பெயின்ட்டா? மேலே. பச்சையா? மூடினாள். அவருக்குத் தண்ணீரில் நீந்தத் தெரியாது, அப்படித்தானே? மூடினாள். சுதாகர் தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தார். போதும் என்று நான் சொல்லியும் இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு என்று கேட்க வைத்தார். கடைசியில் அந்தக் கையோடு வராந்தாவுக்கு ஓடினோம். ரெண்டு பெரிய டாக்டர்கள் ஓடுவதைப் பார்த்து அங்கே உட்கார்ந்திருந்த சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"முனிரத்னம், உங்களுக்குப் பாகக்கா ஆவாதாமே" என்றேன்.

"ஆமா மேடம், வாயில வெக்க மாட்டேன்." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அது இன்னாத்துக்கு இப்போ?"

"நல்லா கொறட்டை விடுவீங்களாம்."

"அது... வண்டி ஓட்டிக்கினு வந்து அசதில படுத்தா..."

"வண்டிக்குப் பச்சை பெயின்ட். தண்ணியில எறங்குனா நீச்சல் தெரியாது."

"யாரு மேடம் சொன்னது இதெல்லாம்?"

"உங்க வூட்டுக்காரிதான். இப்பதான் சொன்னா."

"பேசினாளா?"

"கண்ணால பேசினா. நகரித் தறிக்காரி வேற எப்பிடிப் பேசுவா?"

முனிரத்னம் எழுந்தார். உள்ளே ஓடுவார் என்று நினைத்தேன். அவர் நேராக வாசலுக்குப் போய் ஆம்புலன்ஸ் டிரைவரிடம், "நீ கெளம்புய்யா. அவ வர்ல" என்றார். சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

என் வேலைக்காலத்தில் அதற்கு ஈடான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

பிறகு சுதாகர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். "பாத்தீங்களா மேடம்? அடித்தண்டுல அசைவுக்குப் போற கம்பி மட்டும் அறுந்திருக்கு. கண்ணைப் பக்கவாட்டுல திருப்பற இடமும் போச்சு, மேல தூக்கற இடம் தப்பிச்சுது. பெரிய மூளை முழுசா இருக்கு. மூளை இருக்கு, அதனால ஆள் இருக்கா. நான் சொன்னதேதான். ஜெயிச்சது நான்."

"அதே மூளை நேத்தும் இருந்துது, அதே படம் உங்க கையில இருந்துது. படத்துல ஆள் தெரியலையே. அவளா கூப்பிட்டா, அதனால தெரிஞ்சுது. ஜெயிச்சது நான்."

"பக்கவாட்டுல பாருன்னு கேட்டது எங்க தப்பு. மேல பாருன்னு கேட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

"கேட்டா தெரியும்னுதானே நானும் சொல்றேன். உங்க படம் கேக்காமலே சொல்லணும், அதுதானே உங்க கட்சி?"

அன்றைக்கு இரண்டு பேருமே டீ வாங்கினோம். நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளுங்கள். அவள் ஏன் அசையவில்லை என்பதற்கும், அசையாமலேயே ஏன் எல்லாம் தெரிந்தது என்பதற்கும் சுதாகரின் விளக்கம் ஓட்டையில்லாதது. அந்த விளக்கம் இல்லாமல் நாம் வேலை செய்ய முடியாது, அதை நன்றாகப் படியுங்கள். ஆனால் அந்தக் கட்டிலில் அப்படிக் கிடப்பது எப்படி இருந்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது எந்த ஸ்கேனிலும் வராது, அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டும் பதில் வராவிட்டால் பதில் இல்லை என்று எழுதுங்கள், பரவாயில்லை. ஆள் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

திரும்பி உள்ளே போனதும் எனக்கு ஒரு பயம் பிடித்தது. "கஸ்தூரி, நானும் சாரும் இங்க நின்னுக்கினு சண்ட போட்டமே, அதெல்லாம் கேட்டுதா?" என்றேன். இறுக்கி மூடினாள். சுதாகரிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்துவிட்டது. "நின்னுபோன தறின்னு சொன்னேனே" என்று முணுமுணுத்தார். கட்டிலருகே போய், கை கூப்பி, "க்ஷமிஞ்சம்மா" என்றார். கஸ்தூரி அவரைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். மன்னித்தாள் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் பெரிய கேள்வி இன்னும் மிச்சமிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. இனி வென்டிலேட்டரோடு இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். அதைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

"இன்னிக்கு வேணாம் மேடம்" என்றார் சுதாகர். "இப்பதான் வெளிய வந்திருக்கா. பயத்துல என்ன சொல்வாளோ."

முனிரத்னம் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். "வேணாம்னு சொல்ட்டான்னா நான் இன்னா பண்றது? கேக்காதீங்க மேடம்."

"இதுவரைக்கும் அவளக் கேக்காமதான் எல்லாரும் பேசினோம். ஆம்புலன்ஸ் வரைக்கும் போயிட்டோம்" என்றேன். "இனிமே முடியாது."

முனிரத்னத்தை அவள் கண்ணுக்கு நேரே நிற்க வைத்தேன். எதையும் மறைக்கவில்லை. நடக்க முடியாமலே போகலாம், பேச்சு கொஞ்சம் வரலாம், மூச்சைத் தானாக விடப் பழக்க முடியும் என்று நினைக்கிறோம், மாதக்கணக்கில் ஆகும் என்று சொன்னேன். "இதெல்லாம் தெரிஞ்சிக்கினு சொல்லு. மிஷினோட இங்க இருந்து பாக்கறியா?"

கஸ்தூரி முதலில் முனிரத்னத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். புருவம் அசையாத அந்த முகத்தில் இமை மட்டும் எவ்வளவு இறுக முடியுமோ அவ்வளவு இறுகியது.

"தலைகீழா ஒரு தடவை" என்றார் சுதாகர்.

"வூட்டுக்குப் போயிடலாமா?"

மேலே பார்த்தாள். இல்லை.

லலிதா சிஸ்டர் கைதட்டிவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கைதட்டக் கூடாது என்று நான் யாரையும் அன்று கண்டிக்கவில்லை.

கஸ்தூரி பிறகு வென்டிலேட்டரை விட்டாள். சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போனாள். இப்போது கொழகொழவென்று பேச்சும் வருகிறது, அதில் பாதி முனிரத்னத்துக்குத் திட்டு. அவர் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் முடிக்க நினைப்பது அதே நாள் சாயங்காலத்தோடுதான்.

ஆமாம், இல்லை என்பதோடு அவளை நிறுத்தி வைக்கச் சுதாகருக்கு மனமில்லை. எழுத்து வேண்டும் என்றார். எங்கள் ஊரில் பலரைப் போலக் கஸ்தூரியும் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. லலிதா சிஸ்டர் தன் பையன் படிக்கும் தெலுங்கு எழுத்து அட்டையை வீட்டிலிருந்து வரவழைத்தார். சுதாகர் அட்டையைப் பிடித்துக்கொண்டு விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துவார், வேண்டிய எழுத்து வந்ததும் அவள் கண்ணை மூடுவாள், அவர் அதை உரக்கப் படிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, அவளோ தெலுங்கு எழுத்தில் தமிழை எழுதுகிறாள். எழுத்து முழுக்க அவர் கையில் இருந்தது, அர்த்தம் அவரைத் தாண்டி எனக்கு வந்துகொண்டிருந்தது. இதைவிட நல்ல வாதம் எனக்கு ஆயுசுக்கும் கிடைத்திருக்காது. அப்போது எனக்கு வாதம் செய்யத் தோன்றவில்லை.

"உனக்கு என்ன சொல்லணுமோ சொல்லும்மா" என்றார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். இத்தனை நாள் உள்ளேயே கிடந்தவள் முதன்முதலாகச் சொல்லப்போகிறாள். முனிரத்னம் கும்பிட்டபடி நின்றார்.

"மூ" என்று படித்தார் சுதாகர். "க்கு." தெலுங்கில் மூக்குக்கு முக்கு என்றுதான் பெயர், உடனே பதறினார். "முக்கு. மூக்குதான். மூக்குல குழாய் நகந்துடுச்சா?" குழாயைச் சோதித்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடி விரலை நகர்த்தினார்.

"அ. ரி." சற்று யோசித்தார். "அரிகாலா? உள்ளங்காலா மேடம்? மூக்குக்கும் உள்ளங்காலுக்கும் என்ன?"

"முடிக்க விடுங்க அவள."

"க்கு. து." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏமன்டுந்தி மேடம்? என்ன சொல்றா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. "மூக்கு அரிக்குதாம்" என்றேன்.

குழாயைப் பிடித்து நிறுத்த அவள் மூக்கில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தோம். அது அத்தனை நாளும் அரித்திருக்கிறது. அவள் கூரையைப் பார்த்து எங்களைக் கூப்பிட்டதில் எத்தனை முறை இதற்காகவோ. அரிப்பு எந்த நரம்பில் புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று சுதாகர் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார், நானே கேட்டிருக்கிறேன். அன்று பாடம் எதுவும் எடுக்கவில்லை. பிளாஸ்டரின் ஓரத்தை மெல்லத் தூக்கி, ஒரு விரலால் சொறிந்துவிட்டார். "இங்கயா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டு, அவள் கண் சொன்ன இடத்துக்கு விரலை நகர்த்தினார். கஸ்தூரியின் கண் பாதி மூடிக் கிறங்கியது. ஓரத்தில் நீர் வழிந்தது. முனிரத்னம் துண்டால் துடைத்தார்.

போதும் என்று நினைத்துச் சுதாகர் கையை எடுத்துக்கொண்டார். அட்டையைச் சிஸ்டரிடம் கொடுக்கத் திரும்பினார்.

கஸ்தூரியின் கண் கூரைக்குப் போயிற்று. இரண்டு முறை இமை தட்டியது.

நான் அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

"கூப்பிடறா மேடம்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அவளிடம் குனிந்தார்.